முழங்காலை மடக்கு, தரையைத் தட்டு!



நாட்டிய வகுப்புக்குப் போகும் ஒரு சின்னத் தங்கை என்னிடம் இப்படிக் கேட்டாள்: "மாமா, பரதநாட்டியத்துல எப்பப் பாத்தாலும் முழங்காலை மடக்கு, மடக்குன்னு சொல்றாங்க. டிவியில பாலே ஆடுற அக்காக்கள் மட்டும் கால் விரல் நுனியில ஏறி நிக்கறாங்க. ரெண்டும் டான்ஸ்தானே? ஒண்ணு ஏன் கீழே போகுது, இன்னொண்ணு ஏன் மேலே போகுது?"

சபாஷ்! வருடக் கணக்காக முன்வரிசையில் உட்கார்ந்து நாட்டியம் பார்க்கும் பெரியவர்கள்கூட இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே உலகத்து ஆட்டங்களை எல்லாம் ஒரு சுற்று பார்த்துவிடலாம். வா!

பூமி நம்மை இழுத்துக்கொண்டே இருக்கிறது. நீ தூங்கும்போதும் இழுக்கிறது, ஆடும்போதும் இழுக்கிறது. அந்த இழுப்பிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. ஆனால் அந்த இழுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் ஒவ்வொரு ஊர் ஆட்டமும் வேறுபடுகிறது. சில ஆட்டங்கள் அதோடு சேர்ந்து கீழே இறங்குகின்றன. சில ஆட்டங்கள் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பதுபோல நடிக்கின்றன. சில அதோடு விளையாடுகின்றன.

இதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு சோதனை செய்வோம். எழுந்திரு. சுவரில் முதுகைச் சாய்த்து நில். குதிகால் இரண்டும் சுவரை ஒட்டி இருக்கட்டும். முழங்காலை மடக்காமல் குனிந்து, உன் கால் கட்டைவிரலைத் தொடு.

என்ன, முன்னால் விழப் பார்த்தாயா? எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும். இப்போது சுவரை விட்டுத் தள்ளி வந்து அதையே செய். சுலபமாகக் குனிய முடிகிறது. ஏன்?

உன் உடம்பின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் இருப்பதாகக் கற்பனை செய்துகொள். நேராக நிற்கும்போது அந்தப் புள்ளி தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடம்புக்கு உள்ளே இருக்கும். அதன் பெயர் ஈர்ப்பு மையம். அந்தப் புள்ளியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு போட்டால், அது உன் பாதங்கள் அடைத்திருக்கும் இடத்துக்குள் விழ வேண்டும். விழுந்தால் நிற்பாய். வெளியே போனால் சாய்வாய். நீ குனியும்போது தலை முன்னால் போகிறது. அதைச் சரிக்கட்ட இடுப்பு பின்னால் போக வேண்டும். சுவர் அதைப் போக விடவில்லை. கோடு கால் விரலைத் தாண்டிவிட்டது. அவ்வளவுதான்.

புரிந்ததா? புரியாவிட்டால் இன்னொரு முறை சுவருக்குப் போய் வா. நான் காத்திருக்கிறேன்.

சரி, இனி நம் தங்கையின் முழங்காலுக்கு வருவோம்.

பரதநாட்டியத்தில் அந்த நிலைக்கு அரைமண்டி என்று பெயர். குதிகால்கள் அருகருகே இருக்கும். பாதங்கள் இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். முழங்கால்கள் மடங்கி, பக்கவாட்டில் திறந்திருக்கும். முதுகு மட்டும் நேராக நிற்கும். இதில் இருக்கும் சூட்சுமம் முழங்கால் எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான். நாற்காலியில் உட்காரப் போகும்போது உன் முழங்கால் முன்னால் போகும், இடுப்பு பின்னால் போகும், விழாமலிருக்க நீ தானாகவே முன்னால் குனிவாய். முழங்காலைப் பக்கவாட்டில் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. இடுப்பு நேராகக் கீழே இறங்குகிறது. முதுகு குனிய வேண்டிய அவசியமே வராது. கையும் கண்ணும் கழுத்தும் சுதந்திரமாக வேலை செய்யலாம்.

ஈர்ப்பு மையம் கீழே இறங்கிவிட்டதால் ஆடுகிறவர் எளிதில் தள்ளாட மாட்டார். இன்னொரு லாபமும் உண்டு. மடங்கியிருக்கும் காலில் ஒன்றைத் தூக்கித் தட்டினாலும் தலை மேலும் கீழும் ஆடாது. நல்ல ஆட்டக்காரர், தரையைத் தட்டும் அடிப்படை அசைவான தட்டடவு போடும்போது அவர் தலையை மட்டும் பார். காலடியில் இடி முழங்கும். தலை அதே உயரத்தில் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பாதத்தைப் பக்கவாட்டில் திருப்புவது இடுப்பிலிருந்து வர வேண்டும். இடுப்பில் இருப்பது பந்து கிண்ண மூட்டு, எல்லாப் பக்கமும் சுழலும். முழங்காலில் இருப்பது கீல் மூட்டு, கதவைப்போல மடங்கும், விரியும், அவ்வளவுதான். இடுப்பு திறக்காமல் பாதத்தை மட்டும் வலுக்கட்டாயமாகத் திருப்பினால் பாவம், முழங்கால்தான் வதைபடும். சிமெண்டுத் தரையில் வெகுநேரம் தட்டுவதும் நல்லதில்லை. நீ தரையை எவ்வளவு பலமாகத் தட்டுகிறாயோ, அவ்வளவு பலமாகத் தரையும் உன்னைத் தட்டுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியைப் பாடத்தில் படிக்கும் முன்பே நாட்டியம் கற்கும் பிள்ளைகளின் குதிகால் படித்துவிடுகிறது!

இப்போது பாலே.

இத்தாலிய அரண்மனைகளில் தொடங்கி, பிரான்சில் வளர்ந்த ஆட்டம் அது. பிரான்சின் பதினான்காம் லூயி மன்னருக்கு ஆடுவதில் அவ்வளவு ஆசை. அவரே மேடையேறி ஆடியிருக்கிறார். 1661-ல் நாட்டியத்துக்கென்று ஒரு கழகமே அமைத்தார். பாலேயிலும் பாதங்களைப் பக்கவாட்டில் திருப்புகிறார்கள். முழங்காலை மடக்குவதும் உண்டு. ஆனால் அங்கே மடக்குவது பெரும்பாலும் எழும்புவதற்காக. பரதநாட்டியத்தில் அரைமண்டிதான் வீடு. பாலேயில் அது வாசற்படி.

1832-ல் பாரிசில் மாரி டாக்லியோனி என்ற ஆட்டக்காரி கால் விரல் நுனியில் நின்று ஆடினார். கதையில் அவர் ஒரு தேவதை. தேவதைக்கு எடை இருக்கலாமா? அதனால் தரையைத் தொட்டும் தொடாமலும் ஆடினார். அவர் அணிந்தது மெல்லிய பட்டுச் செருப்பு, ஓரங்களில் நூலால் தைத்து வலுவாக்கியது. இன்றைய பாலே காலணியின் முனையில் துணியும் காகிதமும் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிய கெட்டியான கூடு இருக்கிறது. அதன் நுனி தீப்பெட்டியைவிடச் சிறியது. முழு உடம்பும் அதன்மேல் நிற்கிறது! நீ சுவர்ச் சோதனையில் போட்ட அந்தக் கோடு இந்தத் துளி இடத்துக்குள்ளேயே விழ வேண்டும். எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று யோசித்துப் பார். எலும்பும் கணுக்காலும் வலுவாகும் வரை ஆசிரியர்கள் இதைத் தொடங்க விட மாட்டார்கள். நீயும் வீட்டில் முயல வேண்டாம்.

பாலேயில் ஒரு பெரிய தாவல் உண்டு. கால்களை முன்னும் பின்னும் விரித்துக் காற்றில் பறப்பார்கள். உச்சியில் ஒரு கணம் அப்படியே மிதப்பதுபோல இருக்கும். உண்மையில் மிதக்கிறார்களா?

மாங்காய் அடிக்கக் கல்லெறிந்திருக்கிறாய் அல்லவா? கல் வளைந்து மேலே போய், வளைந்து கீழே வரும். கையை விட்ட பிறகு அதன் பாதையை உன்னால் மாற்ற முடியாது. தாவுகிறவரின் ஈர்ப்பு மையமும் அப்படித்தான். தரையை விட்ட பிறகு அதன் பாதை முடிவானது முடிவானதுதான். ஆனால் மனிதர் கல் இல்லையே! உச்சியை நெருங்கும்போது அவர் கையையும் காலையும் மேலே உயர்த்துகிறார். அதனால் ஈர்ப்பு மையம் உடம்புக்குள்ளேயே சற்று மேலே நகர்ந்துவிடுகிறது. அது வளைந்து ஏறி வளைந்து இறங்குகிறது, தலை மட்டும் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. நாம் பார்ப்பது தலையையும் முகத்தையும்தானே? அதனால் மிதக்கிறார் என்று நம் கண் ஏமாந்துபோகிறது. அழகான ஏமாற்று வேலை!

உண்மையில் எவ்வளவு நேரம் காற்றில் இருக்கிறார்? 30 சென்டிமீட்டர் எம்பினால் அரை வினாடி. ஒரு மீட்டர் எம்பினால்கூட முக்கால் வினாடியைத் தாண்டி, ஒரு வினாடிக்குள் தரைக்கு வந்துவிட வேண்டும். மன்னரானாலும் தேவதையானாலும் கணக்கு ஒன்றுதான்.

இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஏனென்றால் அது நேராக நம் ஊர் நாட்டிய வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

நாட்டிய வகுப்பில் ஆசிரியர் தட்டுக்கழியால் தட்டுமனையில் தட்டித் தாளம் போடுவார். 'டக், டக்' என்று அந்தக் கட்டைச் சத்தம் கேட்கும். வாயால் சொல்லுக்கட்டு, அதாவது தாளச் சொற்கள், சொல்வார். எல்லா அடவையும் மூன்று காலத்தில் ஆட வேண்டும். முதல் காலத்தில் நிதானம். இரண்டாம் காலத்தில் அதைப்போல இரண்டு மடங்கு வேகம். மூன்றாம் காலத்தில் நான்கு மடங்கு. தாளம் மாறாது. அதற்குள் நீ எத்தனை அடி வைக்கிறாய் என்பதுதான் மாறும்.

இதில் குதித்துமெட்டு என்று ஒரு அடவு. "தெய்ஹத் தெய்ஹி" என்று சொல்லுவார்கள். விரல் நுனியில் குதித்து, பிறகு குதிகாலைத் தரையில் அடிக்க வேண்டும். முதல் காலத்தில் ஒரு பிள்ளை 20 சென்டிமீட்டர் குதிக்கிறது என்று வைத்துக்கொள். காற்றில் இருக்கும் நேரம் 0.4 வினாடி. இரண்டாம் காலத்தில் நேரம் பாதியாகிறது, 0.2 வினாடி. அப்படியென்றால் எவ்வளவு உயரம் குதிக்கலாம்?

பத்து சென்டிமீட்டர் என்கிறாயா? அவசரப்படாதே. மேலே இருந்து விழும் எதுவும் போகப் போக வேகம் பிடிக்கும். அதனால் பாதி நேரத்தில் பாதித் தூரம் விழாது, கால் பங்குதான் விழும். ஆக, 5 சென்டிமீட்டர். மூன்றாம் காலத்தில் காற்றில் இருக்க 0.1 வினாடிதான் உண்டு. அதற்கு உயரம் ஒரு சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அவ்வளவே!

20, 5, 1. பார்த்தாயா? மூன்றாம் காலத்தில் "ரொம்பக் குதிக்காதே, தரையை ஒட்டியே ஆடு" என்று ஆசிரியர் சொல்வதற்கு இதுதான் காரணம். அவர் பௌதிகம் படித்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. தாளத்தைப் பிசகாமல் பிடித்தவர்கள் எல்லாரும் ஆடி ஆடியே கண்டுபிடித்த விஷயம் இது. வேகம் கூடக் கூட, பூமி உன்னைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறது. அதிவேகமாகக் காலடி போடும் ஆட்டம் எதையும் கவனித்துப் பார், கால் தரையை விட்டு அதிகம் விலகாது.

ஆட்டத்தைத் தாளில் எழுதி வைக்க முடியுமா என்று எப்போதாவது யோசித்திருக்கிறாயா? பாட்டுக்கு ஸ்வரம் இருப்பதுபோல? ருடால்ஃப் லாபான் என்று ஒருவர் இருந்தார். 1879-ல், அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்தவர். உடம்பில் எந்தப் பாகம் அசைகிறது, எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு நேரம் எடுக்கிறது, எவ்வளவு விசையோடு போகிறது என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தார். உடல், இடம், காலம், விசை. எந்த நாட்டு ஆட்டத்தை எடுத்தாலும் இந்த நான்கும் இருக்கும். 1928-ல் அசைவுகளைக் குறிகளால் எழுதும் முறை ஒன்றை அவர் வெளியிட்டார். அதைப் பக்கத்தின் அடியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். குறி நீளமாக இருந்தால் அசைவுக்கு அதிக நேரம். மேலே போகும் அசைவுக்குக் குறிக்குள் சாய்கோடுகள். நடுமட்டத்துக்கு ஒரு புள்ளி. கீழே இறங்குவதற்குக் கறுப்பு மை அடைத்துவிட வேண்டும்.

இப்போது ஒரு வேடிக்கை. அரைமண்டியிலேயே ஆடும் ஓர் அடவுக் கோவையை அந்த முறையில் எழுதினால், காலுக்கான கட்டம் முழுக்கக் கறுப்பாக இருக்கும். விரல் நுனியில் ஆடும் பாலேயை எழுதினால் கட்டம் கட்டமாகச் சாய்கோடு. எழுத்தே தெரியாதவர்கூட அந்த இரண்டு தாளையும் பார்த்து, எது எந்த ஆட்டம் என்று சொல்லிவிடலாம்!

லாபான் சொன்ன நான்கில் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேடை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று நம் முன்னோர்கள் அளவே சொல்லி வைத்திருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் வரும் ஆடல்மகள் மாதவி ஆடிய அரங்கு ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம். கோல் என்பது அந்தக் கால நீள அளவு. ஏழு ஆண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அவள் அரங்கேறினாள். உன் வயதுதான் இருக்கும், இல்லையா?

அடுத்து, சுற்றுவது. கிறுகிறுவென்று சுற்றிவிட்டு நின்றால் வீடே சுற்றுகிறதே, ஏன்? ஒரு அகலமான கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, மிளகுத் தூளைத் தூவு. கிண்ணத்தைத் தரையில் வைத்துச் சுற்றிவிட்டுச் சட்டென்று நிறுத்து. கிண்ணம் நின்ற பிறகும் மிளகு சுற்றிக்கொண்டே இருக்கும். உன் காதுக்குள்ளும் இப்படி மூன்று வளைந்த குழல்கள், உள்ளே திரவத்தோடு இருக்கின்றன. திரவம் நகர்வதை அங்குள்ள நுண்மயிர்கள் மூளைக்குச் சொல்கின்றன. நீ நின்ற பிறகும் திரவம் உடனே நிற்பதில்லை. காது "சுற்றுகிறோம்" என்கிறது, கால் "நிற்கிறோம்" என்கிறது. மூளை குழம்பிப்போகிறது.

அப்படியானால் 1895-ல் ரஷ்யாவில் 'அன்ன ஏரி' பாலேயில் பியரினா லெக்னானி ஒற்றைக் காலில் தொடர்ந்து 32 சுற்று சுற்றினாரே, அவருக்குத் தலை சுற்றவில்லையா? அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. உடம்பு சுற்றத் தொடங்கும்போது முகத்தைத் திருப்பாமல், எதிரே ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கழுத்து இனி முடியாது என்னும்போது, தலையைச் சட்டென்று ஒரு சுழற்று சுழற்றி, உடம்புக்கு முந்தி அதே புள்ளிக்கு வந்துவிட வேண்டும். தலை பெரும்பாலான நேரம் அசையாமலே இருக்கிறது. வட இந்தியாவின் கதக் ஆட்டத்தில் குதிகாலை ஊன்றிச் சக்கரமாகச் சுற்றுகிறவர்களின் பார்வையையும் கவனி. இதேதான்.

ஆனால் துருக்கியில் மெவ்லவி மரபைச் சேர்ந்த சூஃபிகள் இந்தத் தந்திரம் இல்லாமலே, நீண்ட அங்கி விரிய, வெகுநேரம் சுற்றுகிறார்கள். பழகப் பழக மூளை காதின் குரலை அவ்வளவாகப் பொருட்படுத்தாமல் விடக் கற்றுக்கொள்கிறது. 2013-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் பாலே ஆடும் 29 பெண்களையும், படகு வலிக்கும் 20 பெண்களையும் இருட்டறையில் நாற்காலியில் வைத்துச் சுற்றிப் பார்த்தார்கள். ஆட்டக்காரிகளுக்குத் தலைசுற்றல் சீக்கிரமே அடங்கியது. காதுச் செய்தியை வாங்கும் சிறுமூளையின் ஒரு பகுதியே அவர்களுக்குச் சற்று வேறாக இருந்தது.

வேகமாகச் சுற்ற வேண்டுமானால் கையை மடக்க வேண்டும். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்கொரு புத்தகம் பிடித்துக் கையை விரித்துக்கொள். அண்ணனை மெதுவாகச் சுற்றிவிடச் சொல். பிறகு கையை மார்போடு சேர். விர்ரென்று வேகம் பிடிக்கும்! அம்மா திட்டினால் நான் பொறுப்பில்லை.

இப்போது நம் ஊர்க் கரகாட்டத்துக்கு வருகிறேன். சொல்லப்போனால், எனக்கு எல்லா ஆட்டத்திலும் பெரிய அதிசயமாகப் படுவது இதுதான். தலையில் குடம், குடத்தின் மேல் பூ அலங்காரம், அதன் உச்சியில் ஒரு கிளி. அதைக் கையால் தொடாமல், நையாண்டி மேளத்துக்குக் குதித்துக் குனிந்து ஆடுகிறார்கள். ஏணியில் ஏறுகிறார்கள். குடம் ஏன் விழுவதில்லை?

வீட்டில் ஒட்டடைக் கோல் இருக்கிறதா? அதன் தூரிகை மேலே இருக்கும்படி, அடி நுனியை உள்ளங்கையில் நிறுத்து. கொஞ்சம் கையை அசைத்து அசைத்துச் சமாளிக்க முடிகிறதா? இப்போது தலைகீழாக, தூரிகை உள்ளங்கையில் இருக்கும்படி நிறுத்து. சற்றுக் கடினம். இனி ஒரு பென்சிலை நிறுத்து. உடனே விழுந்துவிடும். ஆச்சரியமாக இல்லை? உயரமானதுதான் சுலபம்!

காரணம் இதுதான். எடை உன் கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு மெதுவாக அது சாயும். சாயத் தொடங்கியதும் நீ கையை அதன் அடியில் நகர்த்த வேண்டும். பென்சில் அதற்கு நேரம் தருவதில்லை. ஒட்டடைக் கோல் தருகிறது. உயரமான கரகமும் தருகிறது. அந்த ஒரு நொடித் துளியில் ஆட்டக்காரரின் கழுத்து குடத்துக்கு அடியில் வந்து சேர்ந்துவிடுகிறது. அவர் காலையும் பார். முழங்கால் மடங்கித்தான் இருக்கும். தலை மேலும் கீழும் குலுங்காமல் அதுதான் பார்த்துக்கொள்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொய்க்கால் குதிரை ஆட்டக்காரர்கள் காலில் கட்டைகளைக் கட்டிக்கொண்டு ஆடுவதையும் முடிந்தால் ஒருமுறை போய்ப் பார். அவர்கள் சும்மா நிற்பதே அபூர்வம். கட்டைக்காலின் நுனி அவ்வளவு சிறியது. அசையாமல் நிற்பதைவிடச் சின்னச் சின்ன அடி வைத்துக்கொண்டே இருப்பது சுலபம்.

மற்ற ஆட்டங்களை ஓட்டமாகப் பார்த்துவிடுவோம். கேரளத்துக் கதகளியில் பாதத்தின் வெளி விளிம்பில் நிற்கிறார்கள். ஆந்திரத்துக் குச்சிப்புடியில் பித்தளைத் தாம்பாளத்தின் விளிம்பில் ஏறி, தட்டோடு நகர்கிறார்கள். ஒடிசியில் தலை, இடை, முழங்கால் என்று உடம்பு மூன்று இடத்தில் வளைகிறது. மணிப்புரியில் பெண்கள் சலங்கை கட்டுவதில்லை, பாதம் பஞ்சுபோல விழுகிறது. கென்யாவின் மாசாய் இளைஞர்கள் நின்ற இடத்திலேயே நெட்டுக்குத்தாக எம்பி எம்பிக் குதிக்கிறார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970-களில் தெருப் பிள்ளைகள் உருவாக்கிய பிரேக் ஆட்டத்தில் கையும் தோளும் தலையும்கூடக் காலாகிவிடுகின்றன. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அது போட்டியாகவே நடந்தது.

அமெரிக்கப் பாடகர் மைக்கேல் ஜாக்சனை விட்டுவிட்டால் நீ என்னோடு சண்டைக்கு வருவாய். அவர் ஒரு பாட்டில் உடம்பை வளைக்காமல், 45 டிகிரி முன்னால் சாய்வார். நம் சுவர்ச் சோதனைப்படி அவர் விழ வேண்டும் அல்லவா? கோடு கால் விரலைத் தாண்டி எங்கேயோ போய்விட்டதே! வீடியோவில் கம்பி கட்டித் தாங்கினார்கள். மேடையில் என்ன செய்வது? குதிகாலில் ஒரு பிளவு உள்ள காலணி செய்தார்கள். மேடையிலிருந்து ஒரு ஆணி எழும்பி வரும், காலணியை அதில் மாட்டிக்கொண்டு சாயலாம். 1993-ல் அதற்கு அமெரிக்காவில் காப்புரிமையும் வாங்கினார். சண்டிகர் மருத்துவர்கள் 2018-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார்கள். நன்றாகப் பயிற்சி பெற்றவர்கூட 25 முதல் 30 டிகிரிதான் சாய முடியுமாம். மற்றதெல்லாம் அந்த ஆணியின் கைங்கரியம்!

இதுவரை நான் சொன்னது எல்லாம் கால், இடுப்பு, தாளம். இதை நிருத்தம் என்பார்கள். நாட்டியம் அதோடு முடிவதில்லை. கையாலும் முகத்தாலும் கதை சொல்வது ஒன்று இருக்கிறதே, அபிநயம்! ஒரு கையில் 27 எலும்புகள். அவற்றை வைத்து, 'அபிநய தர்ப்பணம்' என்ற பழைய நூல் ஒற்றைக் கை முத்திரைகள் 28 சொல்கிறது. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மாள் ஒரு பாட்டுக்கு அபிநயம் பிடித்தால் உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. திரைப்பட இயக்குநர் சத்யஜித் ரே அவரைப் பற்றி 1976-ல் ஒரு படமே எடுத்தார். புருவம் சற்றே உயர்ந்தால் ஏன் நம் மனம் கலங்குகிறது என்பதற்கு என் ஈர்ப்பு மையக் கணக்கில் இடமில்லை. அதை உன் நாட்டிய ஆசிரியரிடம் கேள், அவர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

கடைசியாக உனக்கு ஒரு வீட்டுப்பாடம். சந்திரனில் ஈர்ப்பு இங்கே இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. காற்றும் இல்லை, அதனால் சலங்கை கேட்காது. கவலையில்லை, ஒரு பெரிய கூடாரம் கட்டி உள்ளே காற்றை அடைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள். தட்டுமனையும் கொண்டுபோய்விட்டோம்.

முதலில் குதித்துமெட்டு. இங்கே 20 சென்டிமீட்டர் எழும்பிய பிள்ளை அங்கே அதே வேகத்தில் எம்பினால் 1.2 மீட்டர் உயரம் போகும். ஏறி இறங்க 2.4 வினாடி ஆகும். ஆசிரியர் அதற்குள் தாளத்தைப் போட்டு முடித்துவிட்டு, இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் காலத்துக்குப் பொருந்த வேண்டுமானால் வெறும் 2 மில்லிமீட்டர்தான் குதிக்கலாம்! தட்டடவும் திண்டாட்டம்தான். ஓங்கித் தட்டினால் தரை திருப்பித் தள்ளும், உன்னைக் கீழே இழுத்துப் பிடிக்க அங்கே ஆள் போதாது. பாலே அக்காவுக்கோ கொண்டாட்டம், உண்மையாகவே மிதக்கலாம்.

கரகம்? அதை நான் சொல்லப் போவதில்லை. ஒட்டடைக் கோல் எவ்வளவு மெதுவாகச் சாய்ந்தது என்பதை வைத்து, சந்திரனில் குடத்தைத் தலையில் நிறுத்துவது எளிதா, கடினமா என்று நீயே யோசி. காரணத்தோடு ஒரு தாளில் எழுதி, உன் அறிவியல் ஆசிரியரிடம் காட்டு. அவரிடமும் ஒட்டடைக் கோலைக் கொடுத்து நிறுத்திப் பார்க்கச் சொல்ல மறந்துவிடாதே!